மந்திரவாதிக்கு ஒரு நவநாள்

கண்புரை எடுத்த பிறகு எனக்கும் விளக்குகளுக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் காரிடாரில் புதிதாகப் போட்டிருக்கும் வெள்ளை விளக்குகள் ஒவ்வொன்றையும் சுற்றி எனக்கு ஒரு வளையம் தெரிகிறது. உங்களில் கண்புரை எடுத்தவர்களுக்கு இது புரியும். எடுக்காதவர்கள் அவசரப்பட வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

மத்தியானத்திலேயே திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்படி உட்காரும்போது, பதினான்கு வயதில் நான் தீட்டிய ஒரு விளக்கு நினைவுக்கு வருகிறது. பச்சைப்பயறு அளவுதான் இருக்கும். அந்தப் பச்சைப்பயறு வெளிச்சத்தால் எங்கள் வீட்டில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம் வயதில் ரகசியத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதும் மூட்டுவலியைப் போல ஒரு தொல்லைதான். அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், கப்பல் பட்டறைகளில் ஆட்களைக் குறைத்த நேரம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா பதினாறு வருடம் வெல்டராக இருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "ஆர்டர் வந்தா உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவோம்" என்று மேலாளர் சொன்னாராம். அப்பா அதை நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது. கப்பலின் அடிவயிற்றில் ஆள் நுழைய முடியாத மூலைகளில் பற்றவைக்க அப்பாவைத்தான் தேடுவார்கள் என்று அவருடைய கூட்டாளி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார்.

அதுவரை அப்பா, அப்போது நாங்கள் இருந்த தோ பாயோ வீட்டின் கூடத்தில், சன்னலோரம் இருந்த ரோத்தான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் நான் பள்ளிக்குப் போகும்போதும் அதே நாற்காலி, ஒன்றரை மணிக்குத் திரும்பும்போதும் அதே நாற்காலி. பேச்சு நின்றுபோனது. "சாப்பிட்டீங்களாப்பா?" என்றால் ஒரு தலையாட்டல். அதற்கு மேல் ஒன்றும் வராது.

அம்மா மின்னணுத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். நாள் முழுதும் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து நகம் அளவுச் சில்லுகளைச் சோதிக்கும் வேலை. வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். பக்கத்தில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியாது. வந்ததும் வராததுமாகக் கூடத்து மூலையில் இருந்த பீடத்தின் முன்னால் முழங்காலிடுவார். திரு இருதயப் படம், மாதா சுரூபம், அதற்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் நிறைய மெழுகுவர்த்தித் துண்டுகள். அம்மாவின் குறை ஒன்றுதான். அப்பா மாதா கோயில் பூசைக்கு வருவார், பின்வரிசையில் நிற்பார், வீட்டில் ஒரு நாளும் முழங்காலிட மாட்டார்.

அண்ணனுக்கு அப்போது ராணுவத்தில் தேசிய சேவை. சனிக்கிழமை மத்தியானம் முகாமிலிருந்து வந்து ஞாயிறு சாயங்காலம் போய்விடுவான். அவன் விட்டுப்போன உலகம் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருந்தது. தாள், பென்சில், பல முகங்கள் உள்ள பகடைகள் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, நண்பர்களோடு மணிக்கணக்காகக் கதை பேசி விளையாடும் விளையாட்டு அது. அதற்கு ஈயத்தில் வார்த்த குட்டி உருவங்கள் உண்டு. கட்டைவிரல் உயரம். எலும்புக்கூடு, பூதம், கோடரிக் குள்ளன். "அந்தப் பேய்ப் பொம்மைங்கள என் கண்ணுல காட்டாதீங்க" என்று அம்மா சொல்லிவிட்டதால் பெட்டி கட்டிலுக்கு அடியைவிட்டு வெளியே வராது.

அவற்றுக்கு அண்ணன் வண்ணம் தீட்டுவான். கண்ணும் புருவமும் மட்டும் என் வேலை, ஏனென்றால் என் கை நடுங்காது. சின்னச் சின்ன டின்களில் எனாமல் பெயிண்ட், டர்பன்டைன் வாசனை, பிளேடால் முடி குறைத்த தூரிகை. உருவத்தைப் பாட்டில் மூடியில் களிமண் வைத்து நிறுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் வைக்க வேண்டும். இப்போது ஊசியில் நூல் கோக்கவே ஆள் கூப்பிடுகிறேன்.

ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஒரு கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் அந்தப் பொம்மைகள் விற்கும் கடை இருந்தது. அந்த வருடம் கடைக்கார அங்கிள் ஒரு போட்டி வைத்தார். உருவத்தின் கையில் விளக்கோ பந்தமோ இருக்க வேண்டும். அதிலிருந்துதான் வெளிச்சம் விழுகிறது என்று பார்ப்பவர் நம்பும்படி தீட்ட வேண்டும். வெல்லும் உருவம் ஒரு வருடம் கடையின் முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும். அண்ணன் பெயர் கொடுத்துவிட்டான். ஒரு மந்திரவாதியையும் வாங்கிவிட்டான். முக்காடு போட்ட தாடிக்காரக் கிழவர். வலது கையில் தடி. இடது கையில், நெஞ்சுக்கு நேராக, ஒரு லாந்தர். இடுப்பில் தொங்கும் ஒரு மண்டையோடு. காலடியில் இறக்கை வைத்த ஒரு குட்டிப் பல்லி சுருண்டு கிடக்கும்.

முகாமில் ஏதோ பயிற்சி என்று அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. "நீயே முடி லா. மாசக் கடைசி சனிக்கிழமை நான் வந்து எடுத்துக்கிறேன். உன் பேரையும் சேர்த்து எழுதிடறேன், சரியா?" என்றான். என் பெயர் எங்கும் எழுதப்படாத வயது அது. சரி என்றேன்.

முதலில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். லாந்தருக்கு மஞ்சள், லாந்தரைச் சுற்றி மஞ்சள், அங்கியின் முன்பக்கம் பூராவும் மஞ்சள். அடுத்த சனிக்கிழமை அண்ணன் எடுத்துப் பார்த்தான்.

"என்னலா இது? லைட் எங்க இருக்கு? சாம்பார் கொட்டின மாதிரி இருக்கு."

டர்பன்டைனில் ஊறவைத்து எல்லாவற்றையும் கழுவினேன். கழுவும்போதுதான் ஒன்று உறைத்தது. லாந்தர் வெளிச்சத்தில் மனித முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பாசிர் ரிஸ் பக்கம் கம்பத்தில், மின்சாரம் இல்லாத கிராமத்து வீட்டில் இருந்தபோது நான் கைக்குழந்தை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் குழல் விளக்குதான். ஆனால் கம்பத்திலிருந்து வந்த அரிக்கேன் விளக்கு ஒன்று ஸ்டோர் ரூமில் துருப்பிடித்துக் கிடந்தது. சன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு.

மண்ணெண்ணெய் இல்லை. பீடத்தின் கீழிருந்த டின்னில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து அரிக்கேனுக்குள் நட்டேன். நானே பிடித்தால் என் முகம் எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்த ஒரே ஆள் நாற்காலியில் இருந்தார்.

"அப்பா, கொஞ்சம் வர்றீங்களா?"

"எதுக்கு?"

"சும்மா நிக்கணும். ஒண்ணும் செய்ய வேணாம்."

"சும்மா நிக்கிறதா? அதானே இப்ப என் வேலை" என்று அப்பா எழுந்தார். பல நாள்களுக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தலையில் அம்மாவின் பழைய போர்வை, வலது கையில் விளக்குமாற்றுக் கட்டை, இடது கையில் அரிக்கேன். பழைய மின்விசிறிக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் அப்பா நின்றார். மூலையில் முக்காலி போட்டு நான் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். சாத்திய அறைக்குள் நெருப்பும் டர்பன்டைனும். இன்று என் பேத்தி அப்படிச் செய்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவேன். அன்று எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை.

கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரிந்தது. சுடருக்குப் பக்கத்தில்தான் வெளிச்சம். அரிக்கேனின் கம்பிகள் வெளியிலிருந்து பார்த்தால் கன்னங்கரேல் என்றிருந்தன. நான் அவற்றுக்கும் மஞ்சள் அடித்து வைத்திருந்தேன். வெளிச்சம் கீழிருந்து வருவதால் மூக்கின் மேல்பக்கம் இருட்டு, அடிப்பக்கம் பளிச். புருவத்தின் அடி, உதட்டின் அடி, தாடையின் அடி, எல்லாம் தலைகீழ். முழங்காலுக்குக் கீழே அப்பா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. பச்சைப் போர்வை மஞ்சளாகவில்லை. வாழைக்குருத்து நிறத்துக்குப் போய், ஒரு சாண் தள்ளி மறுபடி பச்சையாகி, அதற்கு அப்பால் கறுப்பாகியது.

எந்த இடத்தில் வெளிச்சம் நிற்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. இரண்டு நாள் தடுமாறினேன். மூன்றாம் நாள் ஒரு யோசனை வந்தது. அரிக்கேனுக்குப் பக்கத்தில் என் தலையைக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அங்கிருந்து அப்பாவைப் பார்த்தேன். அங்கிருந்து எனக்கு எது தெரிந்ததோ அதன்மேல் வெளிச்சம் இருந்தது. தெரியாததன்மேல் இல்லை. அவ்வளவுதான். விளக்குக்குத் தெரியாத இடத்தில் வெளிச்சம் விழாது. அதற்குப் பிறகு பொம்மையையும் அப்படியே, லாந்தருக்குப் பக்கத்தில் கண்ணை வைத்துப் பார்த்துத்தான் தீட்டினேன். முதலில் முழுக்கக் கறுப்பு. லாந்தருக்குத் தெரியும் மடிப்புகளில் மட்டும் நிறம். லாந்தரின் நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. வேறெங்கும் வெள்ளையே கிடையாது. வெளிச்சம் வந்தது மஞ்சளால் அல்ல, சுற்றியிருந்த கறுப்பால்தான் வந்தது.

இருட்டுக்குள் அப்பா பேசத் தொடங்கினார். "கப்பல் டேங்க் உள்ள இப்படித்தான் பாப்பா இருக்கும். ஒரே ஒரு லைட்டு. அதைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறவன் மூஞ்சி மட்டும்தான் தெரியும். மத்தவன்லாம் வெறும் சத்தம்." ஒரு பிலிப்பினோ கப்பல் சமையல்காரர் அவருக்கு அன்னாசி கொடுத்த கதை, டேங்கில் தூங்கிப்போய்க் கண்விழித்தபோது கப்பல் நகர்வதாக நினைத்து அலறியவரின் கதை. தினமும் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை. நாலு மணிக்கு அம்மா வருவதற்குள் அரிக்கேனை ஊதி அணைத்துவிட்டு, அப்பா நாற்காலிக்குப் போய்விடுவார். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அது தானாக அமைந்துவிட்டது.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போதே மந்திரவாதி முடிந்துவிட்டார். முகம் ஒரு மிளகைவிடச் சற்றுப் பெரிது. அதில் மூக்கும் தாடையும் யாருடைய மூக்கு, தாடை என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் விளக்கைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்த ஒரு மனிதரின் இடக்கண் குழிக்குள் போயிருப்பதும், கன்னத்தின் பள்ளத்தில் நிழல் தங்குவதும் அச்சாக வந்துவிட்டது. அப்பா அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நான் இவ்வளவு களைச்சாப் போயிருக்கேன்?" என்றார்.

முடிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. "இன்னும் சரியா வரலப்பா. நாளைக்கும் நிக்கணும்" என்றேன். முடிந்துவிட்டது என்றால் அவர் நாற்காலிக்குப் போய்விடுவார், வாய் மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு மடிப்பில் சும்மா தூரிகையை வைப்பேன், அடுத்த நாள் துடைப்பேன். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றே இப்போது நினைக்கிறேன். அப்போதே முடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால் பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது.

ஸ்டோர் ரூமின் நடுத்தட்டில், அரிக்கேனுக்குப் பக்கத்தில், மந்திரவாதி காய்ந்துகொண்டிருந்தார். சுற்றிலும் உருகிய மெழுகு, எரிந்த தீக்குச்சிகள்.

ஒரு புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் அம்மாவின் செருப்பு. தொழிற்சாலையில் இயந்திரம் பழுதாகி முன்கூட்டியே அனுப்பிவிட்டார்களாம். அப்பா கீழே செய்தித்தாள் வாங்கப் போயிருந்தார். ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. அம்மா தரையில் முழங்காலிட்டிருந்தார். கையில் மந்திரவாதி.

"டின்ல மெழுகுவர்த்தி குறையுது குறையுதுன்னு நினைச்சேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நான் இல்லாத நேரத்துல உங்கப்பா இங்க வந்து சூசையப்பர்கிட்ட மன்றாடிக்கிட்டு இருந்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

உங்களில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் குடிலில் மாதாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சூசையப்பர் எப்படி இருப்பார்? தாடி, நீண்ட அங்கி, ஒரு கையில் தடி, மறு கையில் லாந்தர். மாதாவின் கணவர், தச்சர், உழைப்பாளிகளுக்குப் பாதுகாவலர் அவர். வேலை இல்லாதவர்கள் அவரிடம்தான் போவார்கள். போதாக்குறைக்குப் புதன்கிழமை அவருடைய நாள்.

"காலடியில ஆட்டுக்குட்டிகூட இருக்கு பாரு" என்று அம்மா இறக்கை வைத்த பல்லியைத் தடவினார். "இடுப்புல என்ன, சுத்தியலா?" அது மண்டையோடு. "முகத்தைப் பாரேன், எவ்வளவு களைப்பு. குழந்தையைக் காப்பாத்த எகிப்து வரைக்கும் நடந்தவராச்சே."

நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தால் என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம். பயம் பாதிதான். மறுபாதி பெருமை. அம்மா நாள் முழுதும் உருப்பெருக்கியில் குறை கண்டுபிடிக்கிறவர். அவரே நம்பிவிட்டார் என்றால் என் வெளிச்சம் அவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது. பதினான்கு வயதில் அது எவ்வளவு பெரிய போதை என்று உங்களுக்குத் தெரியாததா?

அப்பா வந்தார். அம்மா எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஏங்க, எனக்குப் போதுங்க. நீங்க மன்றாட ஆரம்பிச்சீங்களே, அதுவே போதும். இனிமே ரெண்டு பேருமாச் சேர்ந்து கேப்போம். இன்னையிலேர்ந்து ஒன்பது நாள் நவநாள்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சரி" என்றார் அப்பா.

அன்று மாலை மந்திரவாதி மாதாவுக்கு வலப்பக்கம் ஏறினார். மெழுகுவர்த்தி கொளுத்தி அம்மா ஜெபம் சொல்ல, அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டில் முழங்காலிட்டார். முழங்காலிட்டவரின் முகமும் பீடத்தில் இருந்தவரின் முகமும் ஒரே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அண்ணன் வந்தான். போட்டிநாள். கட்டிலுக்கு அடியில் துழாவிவிட்டுக் கூடத்துக்கு வந்தவன் பீடத்தைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ஏய், என் மந்திரவாதி அங்க என்ன செய்யுது?"

அம்மா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா தாழ்ந்த குரலில், "விடுடா" என்றார்.

"அப்பா, இன்னைக்கு போட்டி. நான் பேர் குடுத்துட்டேன். பாருங்க, செமையா வந்திருக்கு. கண்டிப்பா வின் பண்ணும் லா."

"உங்கம்மா மூணு வாரமாச் சாப்பிடாம கொள்ளாம இருந்தா. இப்பதான் நாலு வாய் சாப்பிடறா. விடு."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியில் யாருடைய உருவம் போய் உட்கார்ந்தது என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் அம்மா கைக்குட்டையைப் பிரித்துப் பங்குச் சாமியாரிடம் மந்திரவாதியை நீட்டினார். வயதான சாமியார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த நேரம். "சின்னச் சூசையப்பர்" என்று சிரித்துத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்துவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தேக்கா சந்தைக்குப் போனோம். அம்மா ஒரு முழம் மல்லிகை வாங்கி, அதில் விரற்கடை அளவு கிள்ளி மந்திரவாதியின் கழுத்தில் சுற்றினார். அது அவர் முழங்கால்வரை வந்தது.

நவநாளின் எட்டாம் நாள். பள்ளியிலிருந்து வந்தேன். அப்பா நாற்காலியில் இல்லை, பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"எட்டு."

"நாளையோட முடியுது." மந்திரவாதியின் கழுத்தில் வாடியிருந்த மல்லிகையைக் கழற்றினார். பிறகு, "நாளைக்குள்ள ஒண்ணும் நடக்கலன்னா உங்கம்மா உடைஞ்சிடுவா, பாப்பா" என்றார்.

"நான் சொல்லிடட்டுமாப்பா? அண்ணன் பொம்மைன்னு?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "எட்டு நாளா யாருகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கா, பாத்தியா? என் மூஞ்சிகிட்ட. நான் குடுக்காம யாரு குடுக்கறது?"

அடுத்த நாள் நான் வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. நாலு மணிக்கு அம்மா வந்து ஒன்பதாம் நாள் மெழுகுவர்த்தியை ஏற்றினார். ஐந்து மணிக்கு அப்பா வந்தார். முகம் மழித்திருந்தார். கையில் ஒரு பொட்டலம்: சாம்பல் நிறச் சட்டை இரண்டு, கறுப்பாக, முழங்கை நீளத்தில், ஒரு டார்ச் லைட்.

"வேலை கிடைச்சிருச்சு. கிடங்குக்குக் காவல். இன்னையிலேர்ந்தே வரச் சொன்னாங்க."

அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய் மாமி ஓடிவந்தார். அம்மா பீடத்துக்கு முன்னால் விழுந்து தரையை முத்தமிட்டார். அப்பா டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் குளிக்கப் போனார்.

டிசம்பரில் குடில் வைத்தபோது, வழக்கமான சூசையப்பரை எடுத்துவிட்டு மந்திரவாதியை அம்மா அங்கே நிறுத்தினார். மாதா உயரத்தில் கால்வாசிகூட அவர் இல்லை. அந்தக் குடிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அப்பாவின் கூட்டாளி சேதி சொன்னார். பட்டறைக்கு ஆர்டர் வந்துவிட்டது. மேலாளர் முதலில் கேட்டது அப்பா பெயரைத்தான். "சனவரில சேர்ந்துக்கடா. டார்ச் பிடிச்சிக்கிட்டு நிக்கவா நீ பொறந்தே?"

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு கணம்தான்.

"எப்படிங்க?" என்றார் அம்மா. மிரண்டுபோயிருந்தார். "சூசையப்பர் ஒன்பதாம் நாளே கையில குடுத்த வேலை. அதை விட்டுட்டுப் போனா அவரு மூஞ்சில அடிக்கிற மாதிரி ஆயிடாதா? வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு."

நான் குடிலுக்குப் பக்கத்தில் வைக்கோலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். ஒரே ஒரு வாக்கியம். அது அண்ணனோட பொம்மை அம்மா. அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அப்பா குடிலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "இருக்கட்டும். அவ சொல்றது சரிதான்" என்றார். நான் வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பதினான்கு வருடம் இரவுக் காவல் பார்த்தார். பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். ஒன்றரை மணிக்கு நான் வரும்போது வீட்டில் செருப்பைக்கூட ஓசையில்லாமல் கழற்ற வேண்டும். அன்னாசி கொடுத்த சமையல்காரருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்க ஒரு மத்தியானம் வாய்க்கவில்லை. வெல்டர்களுக்கென்று ஒரு கண் சுருக்கம் உண்டே, அது அவர் முகத்திலிருந்து எப்போது போனது என்றும் எனக்குத் தெரியாது.

அவர் போனபோது, சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால், அம்மா மந்திரவாதியை எடுத்து அவருடைய சட்டைப்பையில் வைத்தார். "துணைக்குப் போகட்டும்" என்றார். லாந்தரில் நான் வைத்த வெள்ளைப் புள்ளி அம்மா தொட்டுத் தொட்டு முத்தமிட்டதில் தேய்ந்து போயிருந்தது. அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. போன வாரம் மத்தியானம் நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"உங்கப்பாவைப் பட்டறைக்கே போக விட்டிருக்கணுமோ?"

நான் கண்ணைத் திறந்தேன்.

"அந்த வேலை அவருக்கு ஒரு நாளும் பிடிக்கல. எனக்குத் தெரியும். டார்ச்சை எடுக்கிறப்ப ஒரு மூச்சு விடுவாரு பாரு. தினம் விடுவாரு. நான்தான் கேக்காத மாதிரி இருந்துட்டேன்." கை நின்றது. "சூசையப்பர் குடுத்தது, வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னுதான். அவருதானே குடுத்தாரு? இல்லாட்டி நான் எதுக்காக உங்கப்பாவைப் பிடிச்சி வச்சேன்?"

நாற்பது வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்தான் இருந்தது. சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அம்மாவின் முகத்தில் சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருந்தது, அதைச் சுற்றி என் புதுக் கண்ணில் ஒரு வளையம். அன்று பெருமையில் வாயை மூடினேன். இன்று மூடுவதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

"நீங்க அவருகிட்டதானேம்மா கேட்டீங்க?" என்றேன். "ஒன்பது நாளும் காதுகுடுத்துக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவருதான் குடுத்தாரு."

"ஆமால்ல?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

அம்மாவின் கை மறுபடியும் என் நெற்றியைத் தடவத் தொடங்கியது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் நேரமாகிவிட்டது என்றார்.